முள்புதருக்குள் மூன்று சென்ட்

லண்டனில் ஒரு அலாட்மென்ட், அதாவது பயிர் செய்ய வாடகைக்குத் தரும் நிலத்துண்டு, கைக்கு வரும்போது அது பெரும்பாலும் தோட்டமாக இருக்காது. முன்பு வைத்திருந்தவர் வயதாகியோ வீடு மாறியோ விட்டுப்போய், ஓரிரு வருடம் யாரும் தொடாமல் கிடந்து, அப்புறம் அடுத்தவர் பெயருக்கு மாறிய நிலமாகத்தான் இருக்கும். ஹாரோ பக்கம் 2021 இலையுதிர்காலத்தில் எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். முன்பக்கம் இடுப்பளவு புல். பின்பக்கம் பிராம்பிள் முள்புதர் என் தலைக்கு மேல் வளைந்து நின்றது. உள்ளே ஒரு ஷெட் இருப்பதாகச் சொன்னார்கள். அது கண்ணில் படவே பல வாரம் பிடித்தது. இன்று அதே நிலத்திலிருந்து மே மாதம் தொடங்கி நவம்பர் வரை வீட்டுக்குத் தேவையான கீரையும் காயும் பெரும்பகுதி வந்துவிடுகிறது. சாவியை வாங்கிக்கொண்டு புதரைப் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே புதிதாக வந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். அலாட்மென்ட் என்பது ஒரு பெரிய திடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, குறைந்த வருட வாடகைக்குக் குடும்பங்களுக்குப் பயிர் செய்யக் கொடுப்பது. பெரும்பாலும் உள்ளூர் கவுன்சிலின் நிலம். மக்கள் கேட்டால் நிலம் ஏற்பாடு செய்து தரும் கடமையைக் கவுன்சில்கள் மேல் வைத்தது 1908-ஆம் வருடச் சட்டம். இரண்டாம் உலகப் போரில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு வந்தபோது பூங்காக்களையும் காலி மனைகளையும் கொத்திக் காய்கறி போட்டார்கள். லண்டன் கோட்டையின் அகழியில்கூடப் பாத்தி கட்டினார்கள். அளவு இன்னமும் பழைய ‘ராட்’ கணக்கில்தான் ஓடுகிறது. முழுத் துண்டு 10 ராட், சுமார் 250 சதுர மீட்டர். ஏக்கருக்கு 160 ராட் என்பதால் நம் ஊர்க் கணக்கில் அது ஆறேகால் சென்ட். இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பல இடங்களில் பாதித் துண்டுதான் தருகிறார்கள். என்னுடையதும் பாதிதான், மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல்.

மூன்று சென்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்கில் தக்காளியும் கத்தரியும் போட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். அங்கே ஆள் இருந்தது, உழவுக்கு டிராக்டர் இருந்தது. இங்கே வேலை முடிந்து வந்து மிச்சமிருக்கும் வெளிச்சத்தில், வார இறுதியில், ஒரே ஆளாகச் செய்ய வேண்டும். நிலத்தைச் சும்மா போட்டு வைக்கவும் முடியாது. அலாட்மென்ட் தோட்டம் என்றால் எடுத்தவர் தன் குடும்பம் சாப்பிடக் காய்கறியும் பழமும் விளைவிக்கும் இடம் என்று 1922 சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அவ்வப்போது பார்வையிட வருவார்கள். இத்தனை பங்கு பயிரில் இருக்க வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். இல்லையென்றால் நோட்டீஸ் வரும்.

இந்தப் பயம்தான் புதியவர்களை அவசரப்படுத்துகிறது. எனக்கு எதிர்த் துண்டு எடுத்தவர் நல்ல உழைப்பாளி. வந்த மாதமே ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுத்து மொத்த நிலத்தையும் ஓட்டி மாவு போல ஆக்கிவிட்டார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஏப்ரலில் அத்தனையும் புல். அங்கே இருந்தது கவுச் என்கிற புல்; நம் அருகம்புல் மாதிரியே மண்ணுக்கடியில் வெள்ளை வெள்ளையாகத் தண்டு ஓட்டும். ஒரு தண்டைப் பத்தாக வெட்டினால் பத்தும் முளைக்கும். ரோட்டவேட்டர் அந்த வேலையைத்தான் செய்திருந்தது. மனம் விட்டுப்போய் அடுத்த வருடம் அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதர் மண்டிய நிலத்தில் மெஷினை இறக்க வேண்டாம் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது அவரை நினைத்துத்தான்.

எனக்கு வழி காட்டியது பக்கத்துத் துண்டுக்கார ஐயா. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம் தோட்டம் செய்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். நான் மண் கிளறும் ஃபோர்க்கோடு போய் நின்ற முதல் வாரமே வேலி ஓரம் வந்து, “பிள்ளை, முழுக்கக் கிண்டாதேங்கோ. முழுக்க மூடுங்கோ. பிறகு உங்களால ஏலுமான அளவு மட்டும் திறவுங்கோ” என்றார். அவ்வளவுதான் சூத்திரம். இதற்கு மேல் நான் எழுதப்போவது எல்லாம் அந்த ஒரு வரியை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் நிலத்தை நான்கு பங்காகப் பிரித்தேன். கயிறு கட்டி, குச்சி நட்டு, காகிதத்தில் வரைந்து வைத்தேன். ஒரு பங்கு மட்டும் இந்தக் குளிர்காலத்தில் பாத்தியாக மாறும். மற்ற மூன்றும் வெளிச்சம் படாமல் மூடிக் கிடக்கும். எந்தப் பங்கை முதலில் திறப்பது? வெயில் அதிகம் விழும் இடம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம், நடைபாதை ஓரம். பாதை ஓரத்தில் விளைந்து நின்றால் பார்வையிட வருகிறவர்கள் கண்ணிலும் முதலில் அதுதான் படும். மூடி வைத்திருக்கும் பங்குகள் பற்றி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, திட்டத்தையும் படத்தையும் இணைத்தேன். களையை ஒழிக்க மூடுவதும் பண்படுத்தும் வேலைதான் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் விதி ஒன்றுபோல இருக்காது என்பதால், ஷீட்டை விரிக்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

முள்புதருக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பறவைகள் அதற்குள் கூடு கட்டும். கூடு இருக்கும்போது தெரிந்தே அதைக் கலைப்பது 1981-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நம் மனசும் கேட்காது. ஆகவே பெரிய வெட்டு வேலை முழுவதும் அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில்தான். வெட்டும்போது தரையோடு வெட்டாமல் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிட வேண்டும். தரையோடு வெட்டினால் வேர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். கட்டை இருந்தால் அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். மண்ணில் எந்த இடம் அசைகிறதோ அங்கேதான் அதன் தலை இருக்கும். முஷ்டி அளவில் முண்டும் முடிச்சுமாக ஒரு அடிக்கட்டை. சுற்றி நாலு பக்கமும் கொத்தால் நாலு கொத்து, அப்புறம் கடப்பாரையை அடியில் விட்டு நெம்பினால் ‘பொதுக்’கென்று வந்துவிடும். மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிட்டாலும் பரவாயில்லை, அந்த முண்டு வெளியே வந்துவிட்டால் பிராம்பிள் தீர்ந்தது. அதன் கொடி நுனி மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் புதிதாக வேர் பிடித்திருக்கும், அதையும் தேடி எடுக்க வேண்டும். கைக்குத் தடித்த தோல் உறை, காலுக்குக் கெட்டியான பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி. முழு நீளக் கொடி துள்ளி வந்து முகத்தில் அடிக்கும் என்பதால் கண்ணாடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புதருக்குள் குப்பை கிடக்கும். உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த கம்பி, மக்கிப்போன பழைய கார்பெட். ஒருகாலத்தில் களையை மூட கார்பெட் போடுவது இங்கே வழக்கம். அதிலிருக்கும் சாயமும் பிளாஸ்டிக் இழையும் மண்ணில் கலப்பதால் இப்போது பல இடங்களில் அதற்குத் தடை. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நெளிநெளியாக இருக்கும் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் மாதிரி எதையாவது பார்த்தால் தொடாமல் நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள். குவித்து வைத்த கிளைக் குப்பையைக் கிளறும்போதும் பொறுமை வேண்டும்; உள்ளே முள்ளெலி தூங்கிக்கொண்டிருக்கலாம். ஸ்லோ வார்ம் என்று ஒன்று, பாம்பு மாதிரியே பளபளப்பாக இருக்கும். பார்த்தால் நம் ஆட்களுக்குக் கம்பைத் தேடத் தோன்றும். அது காலில்லாத பல்லி இனம், விஷம் இல்லை, ஓடில்லா நத்தைகளைத் தின்னும். தோட்டத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

இனி மூடும் வேலை. பயிர் செய்யாத மூன்று பங்கிலும் புல்லை முடிந்தவரை தரையோடு வெட்டி அங்கேயே போட்டு, மேலே சைலேஜ் ஷீட் என்கிற தடித்த கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, ஓரம் முழுக்கக் கல்லும் மண்ணும் ஏற்றினேன். காற்று இங்கே சாதாரணமாக அடிக்காது, ஓரத்தில் இடைவெளி விட்டால் ஷீட் அடுத்த தெருவில் இருக்கும். பின்னிய வகை விரிப்பும் விற்கிறார்கள். வெட்டின ஓரத்திலிருந்து நூல் நூலாகப் பிரிந்து மண்ணுக்குள் போவதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஒரு முழு வளர்ச்சிக் காலம், அதாவது வசந்தம் தொடங்கி அடுத்த குளிர் வரை இருட்டில் கிடந்தால் கவுச் புல் பெரும்பாலும் செத்துவிடும். பைண்ட்வீட் கொடி அவ்வளவு சுலபத்தில் சாகாது. அதன் வேர் வெள்ளையாக, சேமியா போலப் பட்டுப் பட்டென்று ஒடியும், ஒடிந்த ஒவ்வொரு துண்டும் செடியாகும், ஆழமும் மிக அதிகம். அதை ஒரே வருடத்தில் ஒழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஷீட்டைத் தூக்கிப் பார்த்து, இருட்டில் வெளிறி நீண்டு கிடக்கும் கொடியை ஃபோர்க்கால் மெதுவாக நெம்பி, ஒடியாமல் எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவும் எடுப்பது. இதை விடாமல் செய்தால் மூன்றாவது வருடத்தில் அது நமக்கு அடங்கிவிடும்.

திறந்த பங்கில் இரண்டு விதமாகச் செய்தேன். பாதியில் ஃபோர்க் போட்டுக் கிளறி வேரைப் பொறுக்கி எடுத்தேன். மீதிப் பாதியில் தோண்டவே இல்லை. சைக்கிள் கடையில் கேட்டால் பெரிய அட்டைப் பெட்டிகள் இலவசமாகத் தருவார்கள். டேப்பையும் பின்னையும் உரித்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி அடுக்கி, தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மேலே நாலு விரற்கடைக்குக் குறையாமல், சுமார் 10 சென்டிமீட்டர், மக்கிய உரம். அவ்வளவுதான், அதிலேயே நடலாம். செலவுக் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள்: 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலப் பாத்திக்கு 360 லிட்டர் உரம் வேண்டும். 50 லிட்டர் மூட்டையில் ஏழுக்குக் கொஞ்சம் மேல். மூட்டையாக வாங்கினால் கட்டாது. நாங்கள் நாலைந்து துண்டுக்காரர்கள் சேர்ந்து லோடாக இறக்கினோம். இரண்டு முறைகளில் எது மேல் என்று கேட்டால், அட்டை போட்ட பாதியில் களை வேலை பாதிக்குப் பாதிகூட இல்லை. இப்போது புதிதாகத் திறக்கும் பங்கு எல்லாவற்றிலும் அட்டைதான்.

அகலம் 1.2 மீட்டர் என்றதற்குக் காரணம் உண்டு. இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் படவே கூடாது. ஹாரோ பக்கம் லண்டன் களிமண். மழைக்காலத்தில் பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு கிலோக்கணக்கில் கூடவே வரும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தில் மிதித்தால் செங்கல் அறுத்த மாதிரி இறுகிவிடும். ஆனால் இது சத்தான மண், உரத்தையும் ஈரத்தையும் விடாமல் பிடித்து வைக்கும். மேலே வருடா வருடம் மக்கு போட்டு மிதிக்காமல் விட்டால் மண்புழுக்கள் அதை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். நடைபாதையில் மரச்செதில் போட்டேன். மரம் வெட்டுகிறவர்கள் கொட்ட இடம் தேடிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். செதில் மேலேதான் கிடக்க வேண்டும். மண்ணோடு கலந்து கொத்தினால் அது மக்குவதற்காக மண்ணிலிருக்கும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும்.

குதிரை லாயத்துச் சாணம் இங்கே இலவசமாகவே கிடைக்கும். வண்டியில் ஏற்றும் முன்பு ஒரு சோதனை அவசியம். புல்வெளியில் அகல இலைக் களைக்கு அடிக்கும் அமினோபைராலிட் என்ற மருந்து, புல்லோடு குதிரை வயிற்றுக்குள் போய், சாணத்திலும் அழியாமல் வெளியே வரும். அந்த எரு போட்ட பாத்தியில் தக்காளி, உருளை, பீன்ஸ் எல்லாம் இலை சுருண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். சோதனை ரொம்பச் சுலபம். கொஞ்சம் சாணத்தைத் தொட்டி மண்ணோடு கலந்து ஒரு தொட்டியிலும், சாணம் இல்லாத மண்ணை இன்னொரு தொட்டியிலும் போட்டு, இரண்டிலும் பிராட் பீன் விதை ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இரண்டு செடியும் ஒரே மாதிரி இருந்தால் எருவை நம்பி ஏற்றலாம். சாணத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம் மாதிரி குவிந்தால் வேண்டாம்.

முதல் வருடப் பயிர் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: நிலத்தை வேகமாக மூடுவது, கெடுபிடி இல்லாமல் வளர்வது. நவம்பரில் பூண்டும் பிராட் பீனும். பூண்டுக்குக் குளிர் பட வேண்டும். எங்கள் ஊருக்கு மேலே கொடைக்கானல் மலையில்தான் பூண்டு விளையும், கீழே சமவெளியில் யாரும் போட மாட்டார்கள். லண்டன் குளிர் அதற்குப் போதும். மார்ச் கடைசியில் உருளைக்கிழங்கு. பிப்ரவரியிலேயே விதைக் கிழங்கை முட்டை அட்டையில் நிறுத்தி ஜன்னலோரம் வைத்தால் குட்டையாகக் கெட்டி முளை விடும். மண் அணைக்கும்போதும் தோண்டும்போதும் களை வேர் தன்னால் வெளியே வருவதால் புது நிலத்துக்கு உருளை நல்ல பயிர். அந்த ஜூலையில் நான் எடுத்த ஒரு கிழங்கை இன்னமும் மறக்க முடியவில்லை. உள்ளங்கை அளவுக் கிழங்கின் நடுவே கவுச் புல்லின் தண்டு ஊசி மாதிரி ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. அந்த நுனி எவ்வளவு கூர்மை என்று விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும். விட்டுப்போன ஒரே ஒரு வேர் செய்த வேலை அது.

மூடிக் கிடந்த பங்குகளையும் சும்மா விடவில்லை. மே கடைசியில் ஷீட்டில் பெருக்கல் குறி போலக் கீறி, அந்த இடத்தில் மட்டும் குழி எடுத்து இரண்டு கூடை எரு போட்டு, பரங்கி நாற்று வைத்தேன். குழிக்குக் குழி ஒன்றரை மீட்டர். கொடி ஷீட்டு மேலேயே படர்ந்து ஓடியது, காய் சேறு படாமல் சுத்தமாக விளைந்தது, அடியில் களை இருட்டில் செத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் 2022. ஜூலை 19 அன்று இந்த நாட்டில் முதல்முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. எங்களுக்குப் பக்கத்து ஹீத்ரோவிலேயே 40.2. வெறும் மண்ணாகக் கிடந்த துண்டுகளில் லெட்டூஸ், பீட்ரூட் எல்லாம் நின்றபடியே காய்ந்தன. ஷீட்டுக்கு அடியிலும் மூடாக்குக்கு அடியிலும் மண் ஈரமாகவே இருந்தது. பகலில் பரங்கி இலைகள் தொங்கும், மாலையில் நிமிர்ந்துவிடும். பூவாளியில் மொண்டு வேரில் மட்டும் ஊற்றினோம், வேறெதுவும் செய்யவில்லை. மூடாக்கு பற்றி ஊரில் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் சொல்வது எல்லாம் இங்கேயும் அப்படியே செல்லும்.

நம்மவர்கள் அதிகம் கேட்பது ‘நம்ம ஊர்க் காய் வருமா’ என்பதுதான். வெப்பத்தைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். பகல் நீளத்தை யோசிப்பதில்லை. ஜூனில் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். எங்கள் ஊரில் எந்த மாதத்திலும் பதின்மூன்று மணியை எட்டாது. நம் அவரை வகைகளில் பல, பகல் குறைந்தால்தான் பூக்கும். இங்கே செப்டம்பர் வரை இலையும் கொடியுமாக ஆடிவிட்டு, பூக்கத் தொடங்கும்போது குளிர் வந்துவிடும். அதற்குப் பதில் ஹெல்டா என்ற தட்டைக் கொடிபீன்ஸ் போடுங்கள். பொரியலில் அவரை இல்லாத குறை தெரியாது. நம் ஊர் வெங்காய விதைக்கும் இதே கதை, நீண்ட பகலைப் பார்த்துச் செடி சின்னதாக இருக்கும்போதே குமிழ் கட்டிவிடும். இங்கே விற்கும் ஷாலட்டை வசந்தத் தொடக்கத்தில் ஊன்றினால் கோடையில் சாம்பாருக்கு நல்ல சின்ன வெங்காயம் கிடைக்கும்.

கீரையில் குறையே இல்லை. ஜூனில் மண் சூடானதும் தண்டுக்கீரை, முளைக்கீரை விதைத்தால் ஆகஸ்ட் வரை கிள்ளக் கிள்ள வரும். விதைக்குத் தமிழ்க் கடையில் கேளுங்கள். ஜமைக்காக்காரர்கள் கல்லாலூ என்று வளர்ப்பதும் இந்த இனம்தான், அந்தப் பெயரிலும் விதை கிடைக்கும். வெந்தயக்கீரை ஏப்ரலிலிருந்தே வரும். கொத்தமல்லியை மே, ஜூனில் விதைத்தால் இலை விடும் முன்பே பூத்துவிடும், ஆகஸ்டில் விதைத்தால் குளிர் வரைக்கும் தழை. நீள வெள்ளை முள்ளங்கிக்கும் அதே ஆகஸ்ட்தான் பட்டம். மிளகாயை ஜனவரி, பிப்ரவரியில் வீட்டுக்குள் விதைத்து, வெளியே கண்ணாடிக் கூண்டோ பாலித்தீன் கூடாரமோ இருந்தால் அதில் வையுங்கள். கத்தரிக்கும் அப்படியே. பாகலும் புடலும் கூடாரத்துக்குள் வரும். ஐயா புடலங்காயை வருடா வருடம் காய்க்க வைக்கிறார். புடலைப் பூ பொழுது சாய்ந்த பிறகு விரிவது. அந்த நேரத்தில் போய் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட்டு வருவார். கொடிக் காய் எதையும் மே நடுவுக்கு முன் வெளியே நடாதீர்கள், ஒரே ஒரு இரவு உறைபனி போதும், கருகிவிடும். வெண்டைக்கு வெளியில் இடம் ஒதுக்காதீர்கள். முருங்கைக்கு இந்தக் குளிர் ஆகாது.

எதிரிகளில் முதலிடம் ஓடில்லா நத்தைக்கு. மூடிக் கிடக்கும் ஷீட்டுக்கு அடியில் அது குடியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மெட்டால்டிஹைட் என்ற பழைய நத்தை மருந்துக்கு 2022 வசந்தம் முதல் இங்கே தடை. பழைய டப்பா யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாற்றுகளை வீட்டில் நன்றாகப் பெரிதாக்கி நடுவதும், மழை பெய்த இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதும்தான் எனக்குப் பலன் தந்தன. முட்டைக்கோஸ் இனத்துக்கு நட்ட அன்றே வலை கட்ட வேண்டும், புறா ஒரே காலையில் முடித்துவிடும். தக்காளிக்கும் உருளைக்கும் பிளைட் என்கிற கருகல் நோய் வரும். தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால் அதற்குச் சாதகம். ஜூலை, ஆகஸ்டில் அப்படி ஒரு புழுக்கம் வந்தால் உருளைப் பாத்தியைத் தினமும் பாருங்கள். இலையில் பழுப்புத் திட்டு தெரிந்ததும் தழையைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்தி, இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால் கிழங்கு தப்பும். இதனால்தான் நான் சீக்கிரம் விளையும் முதல் ரக உருளை மட்டும் போடுகிறேன். பிளைட் வரும்போது கிழங்கு வீட்டில் இருக்கும்.

வருடத்துக்கு ஒரு பங்காகத் திறந்து வந்தேன். பின்பக்கம் முள்புதர் நின்ற இடம் கடைசியாகத் திறந்தது. அதன் ஓரத்தில் ஒரு கீற்றுப் புதரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், ஆகஸ்டில் பழம் பறிக்கவும் பறவைகளுக்கும். அங்கே மண் மற்ற மூன்று பங்கையும்விடக் கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கிறது. பல வருடம் விழுந்த இலை அங்கேயே மக்கியிருக்கிறது. புதர் நின்ற நிலம் என்று முகம் சுளிப்பவர்களிடம் அந்த மண்ணை ஒரு கை அள்ளிக் காட்டுகிறேன்.

இன்னும் நிலம் கிடைக்காதவர்களுக்கு: கொரோனாவுக்குப் பிறகு காத்திருப்புப் பட்டியல் பல இடங்களில் வருடக்கணக்கில் நீண்டிருக்கிறது. உங்கள் பகுதியின் எல்லாத் திடல்களிலும் பதிவு செய்ய விடுகிறார்களா என்று கேளுங்கள். புதர் மண்டியதாக இருந்தாலும் பரவாயில்லை, பாதித் துண்டு போதும் என்று எழுதிக் கொடுங்கள். புதரைப் பார்த்து மறுப்பவர்கள் இருப்பதால் அந்த வாய்ப்பு பட்டியலில் கீழே இருப்பவருக்கும் வரலாம். காத்திருக்கும் காலத்தில், ஏற்கெனவே துண்டு வைத்திருக்கும் வயதானவர் யாருக்காவது கூடமாட உதவப் போங்கள், மண்ணும் பட்டமும் பழகிவிடும். சாவி அக்டோபரில் வந்தால் குளிர்காலம் முழுக்கக் கையில் இருக்கிறது, வெட்டித் திறக்கலாம். ஏப்ரலில் வந்தால் அந்த வருடம் புதரில் கை வைக்க வேண்டாம். புல் நிற்கும் பக்கத்தை மட்டும் வெட்டி மூடிவிட்டு, நாலு பரங்கி, ஒரு பாத்தி உருளை, அத்தோடு நிறுத்திக்கொண்டு செப்டம்பர் வரை காத்திருங்கள்.